மாதம் 1,000 ரூபாய் ஒரு தலைமுறையை மாற்றுமா? நீலகிரியை முன்வைத்து ஒரு விளக்கம்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வரவு வைக்கப்படுவதால், தமிழ்நாட்டில் அரசின் நிதியுதவி பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்த ஒரு தொகையைச் சுற்றியே நடக்கிறது. இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்கிறது ஒரு தரப்பு. ஏழை வீட்டு அடுப்பு இதனால்தான் எரிகிறது என்கிறது மற்றொரு தரப்பு. இரு தரப்பும் பேசுவது அந்தந்த மாதத்து வரவு செலவைப் பற்றித்தான். அந்த வீட்டில் இன்று பால்குடிக்கும் குழந்தை இருபது ஆண்டுகள் கழித்து எவ்வளவு படித்திருக்கும், எந்த வேலையில் இருக்கும், அதன் உடல்நலம் எப்படி இருக்கும் என்பதற்கும் இந்தத் தொகைக்கும், அதனுடன் வந்து சேரும் மருத்துவத் திட்டங்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அதற்கான விடைகள் உலகின் பல பகுதிகளிலிருந்து வரத் தொடங்கியிருக்கின்றன. அவை நீலகிரி போன்ற ஒரு மலை மாவட்டத்திற்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இங்கே பார்க்கலாம்.

எதை எதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும்

எல்லாவற்றையும் "நலத்திட்டம்" என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் தொடங்குகிறது. விளைவுகள் வகைக்கு வகை வேறுபடுவதால் முதலில் வகைகளைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம்.

1. நிபந்தனையற்ற நிதியுதவி. தகுதி இருந்தால் போதும். பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மகளிர் உரிமைத் தொகையும் முதியோர் உதவித்தொகையும் இவ்வகை.

2. நிபந்தனையுள்ள நிதியுதவி. குறிப்பிட்ட ஒன்றைச் செய்தால்தான் பணம் வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி வழங்கப்படுகிறது. அதில் 14,000 ரூபாய் ரொக்கம், 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். கர்ப்பத்தை உரிய காலத்தில் பதிவு செய்வது, பரிசோதனைக்குச் செல்வது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது ஆகியவற்றோடு தவணைகள் பிணைக்கப்பட்டுள்ளன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவிகளுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இதே வகை.

3. சேவை. பணம் கைக்கு வராது; ஆரம்ப சுகாதார நிலையத்தின் இலவச மருந்து, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பள்ளியின் காலை உணவு, மதிய உணவு ஆகியவை.

"நீண்டகால விளைவு" என்பதற்கும் இரண்டு பொருள் உண்டு. பணம் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பெற்றவரிடம் மிஞ்சியிருப்பது ஒன்று. பெற்றவரின் வீட்டில் அப்போது குழந்தையாக இருந்தவர் வளர்ந்த பின் அவரிடம் தெரிவது மற்றொன்று. முதலாவதில் ஏமாற்றம் தரும் ஆய்வுகள் கணிசமாக உண்டு. இரண்டாவதில்தான் நம்பிக்கை தரும் சான்றுகள் அதிகம்.

இன்னொரு அடிப்படைச் சொல் ஒப்பீட்டுக் குழு. உதவி பெற்ற குடும்பம் பத்தாண்டுகளில் முன்னேறியிருந்தால், அதற்கு உதவிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சாலை வந்திருக்கலாம், கூலி உயர்ந்திருக்கலாம். அதே நிலையில் இருந்தும் உதவி பெறாத குடும்பங்கள் எவ்வளவு முன்னேறின என்று பார்த்துக் கழித்த பிறகு மிஞ்சுவதே திட்டத்தின் விளைவு.

வெளிநாட்டுச் சான்றுகள் சொல்வது

மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெஸா திட்டம் இத்துறையில் ஒரு திருப்புமுனை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, குடும்பத்தினர் மருத்துவப் பரிசோதனைக்கு வந்தால் தாயின் கையில் பணம் தரப்பட்டது. தொடக்கத்திலேயே 506 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு முன்னதாகவும் மறுபகுதிக்குச் சுமார் ஒன்றரை ஆண்டு தாமதித்தும் கொடுத்ததால் நேர்மையான ஒப்பீடு சாத்தியமானது. சிறுவயதில் இத்திட்டத்தின் கீழ் வளர்ந்தவர்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அவர்கள் ஓராண்டுக்கும் கூடுதலாகப் படித்திருந்தது தெரிந்தது. பெண்கள் வருமானம் தரும் வேலைக்குச் செல்வதும் அதிகரித்திருந்தது.

கென்யாவின் பள்ளிகளில் 1998இல் தொடங்கிய குடற்புழு நீக்கத் திட்டம் செலவில் மிகச் சிறியது. மற்றவர்களைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக மாத்திரை பெற்ற மாணவர்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவர்களது நுகர்வுச் செலவு 14 விழுக்காடும் மணிக்கூலி 13 விழுக்காடும் அதிகமாக இருந்தன. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த ஊட்டச்சத்து ஆய்வில், மூன்று வயதுக்குள் புரதச்சத்துள்ள கஞ்சி பெற்ற ஆண்கள் வளர்ந்த பின் ஈட்டிய மணிக்கூலி, சத்துக் குறைந்த பானம் பெற்றவர்களைவிட 46 விழுக்காடு அதிகம். மூன்று வயதைக் கடந்த பிறகு அதைக் குடித்தவர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை.

இந்தியாவிலும் இதற்கு நிகரான சான்று உண்டு. பள்ளி மதிய உணவு உண்டு வளர்ந்த பெண்கள் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்தது என 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கிய 1982இல் தட்டேந்தி அமர்ந்த சிறுமியின் உணவு அவளுடைய பிள்ளையின் உயரத்தில் தெரியக்கூடும் என்றால், ஓராண்டு வரவு செலவு அறிக்கையை வைத்து ஒரு திட்டத்தை மதிப்பிடுவது எவ்வளவு குறுகிய பார்வை என்பது விளங்கும்.

மறுபக்கத்தையும் அதே கவனத்துடன் படிக்க வேண்டும். உகாண்டாவில் 2008 வாக்கில் தொழில் தொடங்க மொத்தமாகப் பணம் பெற்ற இளைஞர்களின் வருமானம் நான்காம் ஆண்டில் 38 விழுக்காடு கூடியிருந்தது. ஒன்பதாம் ஆண்டில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பணம் பெற்றவர்கள் வீழ்ந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பெறாதவர்கள் மெல்லத் தாங்களே முன்னேறி அவர்களை எட்டிவிட்டார்கள். மலாவியில் பதின்பருவப் பெண்களுக்கு நிபந்தனையின்றிக் கொடுத்த பணம், கொடுத்த காலம் வரை திருமணத்தையும் கருத்தரிப்பையும் தள்ளிப்போட்டது. பணம் நின்றபின் அந்தப் பலன் விரைவில் கரைந்தது. ஏற்கெனவே பள்ளியை விட்டிருந்த பெண்களைத் திரும்பப் பள்ளியில் சேர்த்த நிபந்தனையுள்ள உதவியின் பலனோ நிலைத்தது.

இவற்றை அடுக்கிப் பார்க்கையில் ஒரு கோடு தெரிகிறது. வளர்ந்தவரின் கையில் பணமாகவே இருந்து செலவானது கரைகிறது. குழந்தையின் உடலிலோ படிப்பிலோ சென்று சேர்ந்தது நிற்கிறது. ஆகவே தொகை எவ்வளவு என்பதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: அது எந்த வயதில் வந்து சேர்ந்தது, அதை நலமாக மாற்றிக்கொள்ள நடக்கும் தூரத்தில் ஒரு சேவை இருந்ததா. நீலகிரியைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே கடினமானது.

கொழுந்து பறிக்கும் கைக்குப் பணம் எப்போது வர வேண்டும்

கென்யாவில் 653 கிராமங்களில் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் நிபந்தனையின்றிக் கொடுத்த பரிசோதனையின் ஒரு முடிவு 2025இல் வெளியானது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்தக் குறைவு, பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் பணம் கிடைத்த வீடுகளிலும், மருத்துவர் உள்ள சுகாதார நிலையத்துக்கு அருகே இருந்த வீடுகளிலும்தான் பெரிதாக இருந்தது. பணம் வந்ததால் பெண்கள் பேறுகாலத்துக்குச் சற்று முன்னும் பின்னும் உடலுழைப்பைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டார்கள் என்பதும் தெரிந்தது.

இதைப் பந்தலூர், கோத்தகிரி வட்டங்களின் தோட்டங்களில் வைத்துப் பாருங்கள். நிரந்தரத் தொழிலாளியாக இருக்கும் பெண்ணுக்கு மகப்பேறு நலச் சட்டத்தின்படி ஊதியத்துடன் விடுப்பு உண்டு. தற்காலிகத் தொழிலாளியாக இருப்பவருக்கும், சிறு விவசாயியின் தோட்டத்தில் நாள்கூலிக்கோ கிலோ கணக்கிலோ கொழுந்து பறிப்பவருக்கும் நடைமுறையில் அது கிடைப்பதில்லை. ஏழாம் மாதத்தில் சரிவில் நின்று, ஈரப் பச்சைத்தேயிலை நிறைந்த மூட்டையைத் தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்கு ஏறும் பெண் வேலையை நிறுத்த வேண்டுமானால், அந்த மாதத்துக் கூலிக்கு ஈடாக ஏதேனும் கையில் இருக்க வேண்டும். மகப்பேறு நிதியின் கர்ப்பகாலத் தவணை உரிய மாதத்தில் வந்தால் அது ஓய்வாகிறது, குழந்தையின் எடையாகிறது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் பொருந்தாமலோ, கணக்கு முடங்கிக் கிடந்தோ, குழந்தை பிறந்து பல மாதங்கள் கழித்து மொத்தமாக வந்தால் அதே பணம் கடனடைக்கப் போகிறது, அல்லது அடகுக் கடையில் இருக்கும் கம்மலை மீட்கப் போகிறது. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே தொகை. குழந்தைக்கு இரண்டும் ஒன்றல்ல. தாமதத்தை நிர்வாகச் சிறுகுறையாகக் கருதும் பழக்கம் மாற வேண்டும் என்று இக்காரணத்தாலேயே வலியுறுத்த வேண்டியிருக்கிறது. தாமதம் திட்டத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

மருத்துவமனைக்குச் செல்லும் செலவிலும் பெரும்பகுதி மருத்துவத்துக்கு ஆவதில்லை. அரசு மருத்துவமனையில் ஸ்கேனும் மருந்தும் இலவசம்தான். ஆனால் போய்வரும் நாளின் கூலி போகிறது, துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது, பேருந்து வராத இடமானால் ஜீப் வாடகை வேறு. யானை நடமாட்டம் உள்ள பகுதியில் அதிகாலையிலோ இருட்டிய பின்போ நடந்து வர முடியாது என்பதால், ஒரு மணிநேரப் பரிசோதனைக்கு ஒரு முழு நாள் போகிறது. 2025 ஏப்ரலில் உதகமண்டலத்தில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது மாவட்டத்துக்குப் பெரும் பேறு. எனினும் பந்தலூர் எல்லையில் இருப்பவருக்கு உதகை இன்றும் தொலைவுதான்; வயநாடு அதைவிடப் பக்கம்.

சேவையின்றிப் பணம் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு நாடளாவிய எடுத்துக்காட்டு 2005இல் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம். மருத்துவமனையில் பிரசவித்தால் பணம் என்ற நிபந்தனை நன்றாகவே வேலை செய்தது. 2005-06இல் சுமார் 39 விழுக்காடாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2015-16இல் 79 விழுக்காடாயின. சிசு மரணம் அதே வேகத்தில் குறைந்ததா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வாசல் வரை மக்களைக் கொண்டுவரப் பணத்தால் முடிந்தது. உள்ளே செவிலியரும் இரத்தமும் ஆக்சிஜனும் இருந்தால்தான் உயிர் பிழைக்கும். தமிழ்நாட்டில் மகப்பேறு நிதி ஓரளவு பலன் தந்திருப்பதற்கு, இங்கே கிராம சுகாதார செவிலியரும் 24 மணிநேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் முன்பே வேரூன்றியிருந்ததும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

1971இல் நீலகிரித் தோட்டங்களில் ஒரு ஐந்து ரூபாய்

நிபந்தனையுள்ள நிதியுதவி என்ற சொல்லே புழக்கத்துக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அது நடந்திருக்கிறது. தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் அமைப்பான உபாசி, 1971இல் சில தோட்டங்களில் ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண் தொழிலாளி கர்ப்பமாகாத ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் பெயரில் 5 ரூபாய் வரவு வைக்கப்படும். பிள்ளைகள் கூடினால் சேர்ந்த தொகையில் ஒரு பகுதி இழப்பாகும். மீதி, பணிக்காலம் முடியும் தறுவாயில் கைக்கு வரும். நிர்வாகத்துக்கு மகப்பேறு விடுப்பும் பிள்ளைகளுக்கான பராமரிப்புச் செலவும் மிச்சமாகும் என்ற கணக்கு இதன் அடியில் இருந்தது.

இத்திட்டம் இரண்டு காரணங்களால் இன்றும் சிந்திக்கத்தக்கது. முதலாவது, நிபந்தனை யாருடைய நலனுக்காக வைக்கப்படுகிறது என்ற கேள்வி. பரிசோதனைக்கு வா, தடுப்பூசி போடு என்பது பயனாளியின் நலனைச் சார்ந்தது. பிள்ளை பெறாதே, பெற்றால் உன் சேமிப்பு குறையும் என்பது, கூலியைத் தவிர வேறு வழியில்லாத ஒரு பெண்ணின் உடல்மீது பணத்தின் வழியே செலுத்தப்படும் அழுத்தம்; அதை நலத்திட்டம் என்று அழைப்பதை ஏற்க இயலாது. இரண்டாவது, அதே உபாசி பின்னர் விரிவான தொழிலாளர் நலத் திட்டத்தை முன்னெடுத்தபோது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, தாய் சேய் நலம், குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றை அவர்கள் வழியே வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. குழந்தை பிழைக்கும் என்ற உறுதி வந்தால் குடும்பத்தின் அளவு தானே சுருங்கும் என்பதைத் தமிழ்நாட்டின் பிற்கால வரலாறு முழுவதும் காட்டுகிறது.

அரிவாள் செல் நோய்: பணத்தால் மட்டும் தீராதது

அரிவாள் செல் நோய் பெற்றோர் வழி வரும் ஓர் இரத்த நோய். இந்தியாவில் அதற்கான மரபணு முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், ஆண்டு 1952. பெற்றோர் இருவருமே இக்கூறைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பேறிலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும்போது எலும்புக்குள் கடும் வலி எடுக்கும். குளிரும் உடலில் நீர் வற்றுவதும் அதைத் தூண்டும். கூடலூரில் ஆடி மாத மழையில் நனைந்தபடி வேலை செய்யும் நோயாளிக்கு இரண்டும் வாய்த்துவிடுகின்றன.

இந்நோயாளியின் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தால் உதவிதான். ஆனால் நோயின் போக்கை அது மாற்றாது. மாற்றக்கூடியவை வேறு:

1. பிறந்த உடனோ சிறுவயதிலோ இரத்தப் பரிசோதனை செய்து கண்டறிதல். ஐந்து வயதுக்குள் தொற்றுநோயால் இறப்பதைப் பென்சிலினும் தடுப்பூசிகளும் பெருமளவு தடுக்கும்.

2. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட இடைவெளியில் இரத்த அணுக்களைச் சோதித்தல். வலி வருவது குறையும். பள்ளிக்கும் வேலைக்கும் போகாத நாட்கள் குறையும்.

3. வலி வந்த இரவில் அடையக்கூடிய தூரத்தில் ஒரு மருத்துவமனை இருத்தல்.

மூன்றிலும் பணத்தைவிடத் தொடர்ச்சியே முக்கியம். கூடலூரில் 1990இல் உருவான அஸ்வினி அமைப்பின் பழங்குடியினர் மருத்துவமனை இதற்கு ஒரு சான்று. ஊர்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களையும் செவிலியர்களையும் உருவாக்கி, 1992 முதல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களுக்குச் சிறு பங்களிப்பில் காப்பீடும் ஏற்படுத்தியது. அரசின் பெரிய காப்பீட்டுத் திட்டங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தியது இது. பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் தம் மொழி பேசும் செவிலியர் ஒருவர் இருப்பது, நோயாளி பாதியில் மருந்தை நிறுத்துவதைத் தடுக்கிறது. எந்த ரொக்கத் தொகையும் அந்த வேலையைச் செய்யாது. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் நோய் ஒழிப்பு இயக்கம் 2047ஐ இலக்காகக் கொண்டு பரிசோதனை எண்ணிக்கையை முன்னிறுத்துகிறது. பரிசோதித்து அட்டை கொடுத்த பிறகு மாத்திரை எத்தனை ஆண்டு இடைவிடாமல் போய்ச் சேர்ந்தது என்பதே நீண்டகால விளைவைத் தீர்மானிக்கும்.

மருத்துவக் காப்பீட்டையும் இந்தக் கோணத்தில் புரிந்துகொள்ளலாம். அது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. நகை அடகுக்குப் போவதையும், பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்பதையும் அது தடுக்கிறது. அன்றாட மருந்து, பயணம், இழந்த கூலி ஆகியவை அதற்கு வெளியே நிற்கின்றன. மாதம் வரும் ரொக்கம் அந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தவறான கேள்வி.

பணம் சொத்தாக மாற இடம் வேண்டும்

மேற்கு வங்காளத்தின் மிக ஏழைக் குடும்பங்களுக்கு ஆடு, மாடு போன்ற சொத்தும், சில மாதங்களுக்கு வாராந்திரத் தொகையும், பயிற்சியும் சேர்த்துக் கொடுத்த பந்தன் திட்டத்தின் பலன் பத்தாண்டுகளுக்குப் பிறகும் குறையாமல் இருந்தது. அதை அப்படியே இங்கே எடுத்துவர முடியாதபடி நிலம் குறுக்கே நிற்கிறது. ஜன்மம் என்ற பரம்பரை நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் இன்னும் தீர்வு காணப்படாத, மக்கள் "செக்‌ஷன் 17" என்று சொல்லும் நிலங்களில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. மின் இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. தோட்ட லயத்தில் இருப்பவருக்கோ வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். இவர்களிடம் வரும் பணம் மாட்டுக் கொட்டகையாகவோ சுவராகவோ மாற வழி குறைவு. பிள்ளைகளின் படிப்பில் போடுவதே எஞ்சியுள்ள ஒரே பாதுகாப்பான முதலீடு. புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கு மலையில் கூடுதல் எடை இருப்பது இதனால்தான்; கல்லூரிக்குப் போய்வரும் பேருந்துச் செலவோ விடுதிச் செலவோதான் பல வீடுகளில் படிப்பைத் தீர்மானிக்கிறது.

வடமாநிலங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இல்லாததால், ஒரே லயத்தின் அடுத்தடுத்த வீடுகளில் ஒன்றுக்கு உரிமைத் தொகை வருகிறது, மற்றொன்றுக்கு இல்லை. அந்த வீட்டுக் குழந்தையும் இந்த மலையிலேயே வளர்கிறது என்பதைத் திட்டம் வகுப்போர் கருத வேண்டும்.

இனி எதை அளக்க வேண்டும்

முதலில் பணத்தின் மதிப்பு. தொகை மாறாமலேயே இருந்து விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தால், இன்றைய 1,000 ரூபாய் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 614 ரூபாய் அளவுக்கே பொருள் வாங்கும். விலைவாசியோடு பிணைக்காத திட்டம் யாரும் அறிவிக்காமலேயே சுருங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்து, எங்கே தேடுவது என்பது. நீலகிரியின் படித்த பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்விடுகிறார்கள். பத்தாண்டு கழித்து அதே லயத்தில் கதவைத் தட்டிக் கணக்கெடுத்தால், அங்கே இருப்பவர்கள் போக முடியாதவர்களே; திட்டம் தோற்றது என்ற தவறான முடிவே கிடைக்கும். கென்யக் குடற்புழு ஆய்வின் வலிமை, ஊரைவிட்டுப் போனவர்களையும் தேடிச் சென்று கண்டதில் இருக்கிறது.

ஒப்பீட்டுக்கு வழி ஏற்கெனவே கைவசம் உண்டு. அமெரிக்காவில் 1911க்கும் 1935க்கும் இடையே ஏழைத் தாய்மார்களுக்குக் கொடுத்த உதவித்தொகையின் விண்ணப்பப் பதிவேடுகள் காப்பாற்றப்பட்டிருந்தன. ஏற்கப்பட்ட தாய்மார்களின் மகன்களை, விண்ணப்பித்தும் மறுக்கப்பட்டவர்களின் மகன்களோடு எண்பது ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, முன்னவர்கள் சராசரியாக ஓராண்டு அதிகம் வாழ்ந்திருந்தார்கள். மகளிர் உரிமைத் தொகைக்கும் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்து பெற்றவர்களும், சற்று மேலே இருந்து மறுக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ளவர்கள். மறுக்கப்பட்ட விண்ணப்பங்களை அழிக்காமல், பெயர் விவரங்களை மறைத்து, கர்ப்பப் பதிவுகளோடும் பள்ளிப் பதிவுகளோடும் இணைத்துப் பாதுகாத்து வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. அதற்கான ஆணையை இப்போதே பிறப்பிக்கலாம்.